விழுகிறவர் நடிக்கிறாரா?

வணக்கம். ஜப்பானிய தற்காப்புக் கலையான ஐகிடோவின் தொடக்கத்தைப் பற்றிய என் ஹொக்கைடோ காணொளிக்குப் பிறகு வந்த கேள்விகளில் ஒன்று மூன்று நாட்களாக என்னை விடவில்லை. ஒரு கல்லூரி மாணவர் எழுதியிருக்கிறார்: "ஐயா, ஐகிடோ செயல்விளக்கங்களைப் பார்த்தேன். கையைப் பிடிக்கிறவர் தானாகவே உருண்டு விழுகிறார். முன்பே பேசிவைத்துக்கொண்ட நாடகம் போலத் தெரிகிறது. இதை எப்படித் தற்காப்புக் கலை என்கிறீர்கள்?"

கேள்வி நியாயமானது, தம்பி. முதன்முதலில் பார்த்தபோது எனக்கும் இதுதான் தோன்றியது. பேசிவைத்துக்கொண்டதா என்றால், ஆம். யார் தாக்குவது, எந்தக் கையால் தாக்குவது, யார் விழுவது என்று இருவருக்கும் முன்பே தெரியும். ஜப்பானின் பழைய போர்க்கலைகள் பலவற்றில் பயிற்சி என்பதே அப்படித்தான். ஆனால் அந்த விழுதல் நடிப்பா என்பது வேறு கேள்வி.

ஷிஹோனாகே என்று ஓர் உத்தி. தாக்குகிறவரின் மணிக்கட்டைப் பிடித்து, அவர் கைக்கு அடியிலேயே நுழைந்து திரும்பி, அந்தக் கையை அவர் தோளுக்குப் பின்னால் மடித்துக் கீழே இறக்குவார்கள். கை மடங்கி, முதுகு பின்னால் வளைந்துவிட்டது. அந்த நேரத்தில் விறைத்துக்கொண்டு நின்றால் முதலில் தரையைத் தொடுவது பின்மண்டை. ஜப்பானியப் பல்கலைக்கழக ஐகிடோ மன்றங்களில் இப்படித் தலையில் அடிபட்டு இறந்த மாணவர்கள் உண்டு. ஆகவே நீங்கள் பார்த்த அந்த 'தானாக உருளுதல்' பெரும்பாலும் தன் தலையையும் தோளையும் காப்பாற்றிக்கொள்வதுதான்.

இதற்கு உகெமி என்று பெயர். பல காணொளிகளில் சொல்லியிருக்கிறேன், இன்றும் சொல்கிறேன். 'உகெ' என்றால் ஏற்றல், 'மி' என்றால் உடல். உடலால் ஏற்பது. நம் தமிழில் எவ்வளவு பொருத்தமாக 'அடி வாங்கினான்' என்கிறோம் பாருங்கள்! அடி பட்டது என்பது வேறு, அடி வாங்கினான் என்பது வேறு. வாங்குவதற்குக் கை நீட்ட வேண்டும், எடை தெரிய வேண்டும். ஐகிடோவில் விழுகிறவரை உகே என்பார்கள். வாங்குகிறவர் என்றே வைத்துக்கொள்ளுங்கள். வழக்கமாக ஒருவர் ஓர் உத்தியை நான்கு முறை செய்வார், பிறகு இடம் மாறும். ஆக, டோஜோவில், அதாவது பயிற்சிக்கூடத்தில், கழியும் நேரத்தில் சரிபாதி வாங்குகிற நேரம்.

நான் சேர்ந்த முதல் மாதம் யாரையும் தூக்கி எறியக் கற்றுத்தரவில்லை. உருண்டேன். மறுபடியும் உருண்டேன். வலது தோளில் எலும்பு துருத்தும் இடத்தில் நீலம் கட்டிக்கொண்டது. யாரிடமாவது அடிதடிக்குப் போனாயா என்று அம்மா கேட்டார். சில மாதங்கள் கழித்து, ஓரளவு விழத் தெரிந்த பிறகு, எனக்கு வேறொரு கிறுக்குப் பிடித்தது. என்னோடு பயின்ற ஓர் அம்மாள், அறுபதை நெருங்குகிறவர், என் தோளுயரம்கூட இருக்க மாட்டார். அடுத்து அவர் என்ன செய்யப்போகிறார் என்று எனக்குத் தெரியும் அல்லவா? அதனால் அவர் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்து, அவர் திரும்ப முடியாதபடி நின்றேன். அவர் இழுக்கவில்லை, தள்ளவில்லை. விடுபட்டிருந்த இன்னொரு கையை என் மூக்குக்கு முன்னால் கொண்டுவந்து நிறுத்தினார். "இங்கே திறந்து கிடக்கிறதே, தம்பி" என்றார். அவ்வளவுதான்.

அன்றைக்குத்தான் புரிந்தது, நாடகம் ஆடியது நான். என்ன வரப்போகிறது என்று முன்பே தெரிந்துகொண்டு அதை மட்டும் தடுக்கிறவன் நடிகன் இல்லாமல் வேறு யார்?

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். கை படுவதற்கு முன்பே துள்ளி விழும் உகேக்கள் இருக்கிறார்கள். ஆசிரியரைப் பெரியவராகக் காட்டுவதற்காக விழுவது. அது ஆசிரியரையும் கெடுக்கும், மாணவரையும் கெடுக்கும். நீங்கள் பார்த்தது அப்படி ஒன்றாக இருந்தால் உங்கள் சந்தேகம் முழுக்கச் சரி.

இந்தச் சந்தேகம் உங்களுக்கு மட்டும் வந்ததல்ல. ஐகிடோவை உருவாக்கிய மோரிஹெய் உவெஷிபா, 1915இல் ஹொக்கைடோவில் சோகாகு தாகேதா என்ற ஆசானைச் சந்தித்து தைதோ-ரியு என்ற போர்க்கலையைக் கற்ற கதை உங்களுக்குத் தெரியும், சென்ற முறை விரிவாகப் பார்த்தோம். உவெஷிபாவின் மாணவர் கென்ஜி தோமிகி ஜூடோவிலிருந்து வந்தவர். போட்டி இல்லாமல் உண்மையைச் சோதிப்பது எப்படி என்ற கேள்வி அவரையும் விடவில்லை. 1958இல் வசேதா பல்கலைக்கழகத்தில் மன்றம் தொடங்கி, ஐகிடோவுக்குள் போட்டியைக் கொண்டுவந்தார். உவெஷிபாவோ போட்டியைக் கடைசிவரை ஏற்கவில்லை. இன்னொரு மாணவர் கோசோ ஷியோதா 1955இல் யோஷின்கான் என்ற டோஜோவைத் தொடங்கினார். அங்கே பயிற்சி கடுமையானது. டோக்கியோவின் கலவரத் தடுப்புப் போலீசார் அங்கே போய்ப் பயில்கிறார்கள்.

சரி, இவற்றையெல்லாம் தாண்டி நீங்கள் கேட்காத ஒரு கேள்வி இருக்கிறது. அதைக் கேட்டிருந்தால் எனக்கு இன்னும் மகிழ்ச்சியாக இருந்திருக்கும். பெரும்பாலான டோஜோக்களில் போட்டி இல்லை, பதக்கம் இல்லை, டிக்கெட் வாங்கிப் பார்க்க வரும் கூட்டமும் இல்லை. அப்படிப்பட்ட ஒன்று, 1945இல் ஜப்பான் போரில் தோற்ற பிறகு எப்படிப் பிழைத்தது?

உவெஷிபா 1942இலேயே டோக்கியோவை விட்டு இவாமா கிராமத்துக்குப் போய்விட்டார். டோக்கியோ டோஜோ மகன் கிஷோமாருவின் தலையில் விழுந்தது. அப்போது அவர் வசேதாவில் படிக்கும் மாணவர், இருபதைத் தாண்டியதும் தாண்டாததுமான வயது. குண்டுவீச்சில் சுற்றிலும் தீப்பிடித்தபோது அக்கம்பக்கத்தாரோடு சேர்ந்து வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றி அந்தக் கட்டடத்தைக் காப்பாற்றினார். போர் முடிந்ததும் வீடிழந்த குடும்பங்கள் அங்கேயே வந்து தங்கின. பயிற்சிக்கு ஏது இடம்? அவர்களை வெளியே போகச் சொல்லவும் மனம் வராது. கிஷோமாரு ஒரு பங்குவர்த்தக நிறுவனத்தில் வேலைக்குப் போய், அந்தச் சம்பளத்தில் டோஜோவையும் வீட்டையும் நடத்தினார். காலையில் பயிற்சி, பகலில் அலுவலகம், மாலையில் மறுபடியும் பயிற்சி. 1956இல் நிஹொம்பாஷியில் தகாஷிமாயா பல்பொருள் அங்காடியின் மொட்டைமாடியில் பொதுமக்கள் முன் செயல்விளக்கம் நடத்தச் செய்ததும் அவர்தான். கலையைக் கண்டவர்களுக்கெல்லாம் காட்டக் கூடாது என்றிருந்த அப்பாவை அதற்கு ஒப்புக்கொள்ள வைத்தது சாதாரண வேலையா!

இவாமாவில் மோரிஹிரோ சைதோ. 1946இல், பதினெட்டு வயதில் வந்து சேர்ந்தார். ரயில்வே ஊழியர். ஒரு நாள் முழுக்க வேலை, மறுநாள் முழுக்க ஓய்வு. பஞ்ச காலம். மற்ற மாணவர்கள் குடும்பம், பிழைப்பு என்று ஒவ்வொருவராக விலகிப் போக, ஓய்வு நாளை எல்லாம் இவர் அங்கேயே கழித்தார். வயல் வேலையும் செய்தார், விழவும் செய்தார். உவெஷிபா 1969இல் மறைந்த பிறகும், 2002இல் தான் இறக்கும்வரை அந்த டோஜோவைப் பார்த்துக்கொண்டார்.

இன்னொரு பெயரையும் சொல்லிவிடுகிறேன். நொபுயோஷி தமுரா. உவெஷிபாவின் பழைய படச்சுருள்களில் அடிக்கடி விழுந்து எழுகிற ஒல்லியான இளைஞர் அவர். 1964இல் பிரான்சுக்குப் போனார். ஐரோப்பாவில் பல ஆயிரம் பேர் அவரிடமும் அவருடைய மாணவர்களிடமும் கற்றார்கள். அந்தக் கிழவரின் கையை அவ்வளவு நெருக்கத்தில் வாங்கிய உடல், கடல் தாண்டிக் கலையைக் கொண்டுபோனது.

தம்பி, உங்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். 1935இல் ஒசாகாவில் உவெஷிபாவை வைத்து ஒரு படம் எடுத்தார்கள். இணையத்தில் கிடைக்கிறது. இந்த முறை அவரைப் பார்க்காதீர்கள். விழுகிறவர்களின் கால்களை மட்டும் பாருங்கள், அடுத்த தாக்குதலுக்கு எவ்வளவு விரைவாக எழுகிறார்கள் என்று பாருங்கள். பார்த்துவிட்டு, அப்போதும் நாடகமாகத் தெரிந்தால் எந்த இடத்தில் என்று நிமிடத்தைக் குறித்து எழுதுங்கள். அடுத்த காணொளியில் அந்த இடத்தையே எடுத்துக்கொண்டு பேசலாம்.