சாட்சிக் கூண்டில் மான்ட்கமரி கிளிஃப்ட்

அவையோர் அனைவருக்கும் வணக்கம்.

ஹாலிவுட் நடிகர் மான்ட்கமரி கிளிஃப்ட்டின் பெயரைச் சொன்னவுடன், திரைப்பட ஆர்வலர்கள் பலரும் 1956 மே 12 இரவு நடந்த கார் விபத்தைத்தான் பேசத் தொடங்குகிறார்கள். நடிகை எலிசபெத் டெய்லர் வீட்டு விருந்திலிருந்து திரும்பும் வழியில் கிளிஃப்ட்டின் கார் கம்பத்தில் மோதியதும், நொறுங்கிய காருக்குள் ஊர்ந்து சென்ற டெய்லர், தொண்டையில் சிக்கியிருந்த பற்களை விரலால் எடுத்து அவருக்கு மூச்சு வரச் செய்ததும் உண்மையே. ஆயினும் அந்த இரவுக்கு முன் அழகு, பின் அழிவு என்று அவர் வாழ்க்கையை இரு கூறாக்குவது அவருடைய கலைக்கு நியாயமாகாது. மதுவும் மாத்திரைகளும் விபத்துக்கு முன்பே அவரைப் பற்றியிருந்தன. தொழில்மீது அவர் வைத்திருந்த பிடிவாதமோ விபத்துக்குப் பின்னும் அவரை விட்டு நீங்கவில்லை.

1920இல் நெப்ராஸ்காவின் ஒமாஹா நகரில் இரட்டையருள் ஒருவராகப் பிறந்த அவர், பதினான்கு வயதில் நியூயார்க்கின் நாடக அரங்குகளான பிராட்வேயில் மேடை ஏறி, பத்தாண்டுகள் நாடகத்திலேயே வளர்ந்தார். நடிகர்களை ஏழாண்டு ஒப்பந்தங்களால் கட்டிப்போட்டிருந்த ஹாலிவுட் அழைத்தபோதெல்லாம் மறுத்து, கதையைத் தானே தேரும் உரிமை கிடைத்த பிறகே திரைக்கு வந்தார். 1948இல் ‘தி சர்ச்’, ஜான் வெய்னுடன் ‘ரெட் ரிவர்’ என இரு படங்கள் வெளியாகி, ஒரே ஆண்டில் அவர் நட்சத்திரமானார்.

‘ஃப்ரம் ஹியர் டு எடர்னிட்டி’ படத்தில் அவர் பியூகிள் ஊதும் படைவீரர். ஒலியை வேறொருவர் ஊதிச் சேர்ப்பார் என்று தெரிந்தும், உதடும் தொண்டையும் பொய் சொல்லக் கூடாது என்பதற்காக அவர் அக்கருவியைக் கற்றார். வசனத்தைக் கூட்டிக் கேட்கும் நடிகர்களே மிகுந்த தொழிலில், பார்வையே போதும் என்று தோன்றிய இடங்களில் தம் வரிகளைக் குறைத்துக்கொண்டவர் அவர்.

இனி, நான் முக்கியமாகச் சொல்ல வந்த காட்சி. நாஜி நீதிபதிகள் மீதான விசாரணையைச் சொல்லும், 1961இல் வெளிவந்த ‘ஜட்ஜ்மென்ட் அட் நியூரம்பெர்க்’ படத்தில், நாஜி ஆட்சியில் கட்டாயக் கருத்தடை செய்யப்பட்ட ரூடால்ஃப் பீட்டர்சன் என்ற ஏழைத் தொழிலாளியாகச் சாட்சிக் கூண்டில் அவர் தோன்றுவது சுமார் பன்னிரண்டு நிமிடங்களே. அதற்கு அவர் சம்பளம் வாங்கவில்லை. முயல், வேடன், வயல் ஆகிய மூன்று சொற்களைக் கொண்டு வாக்கியம் அமைக்கச் சொல்லி அவருடைய அறிவை அளந்தார்களாம். எதிர்த்தரப்பு வழக்கறிஞர் அதே சொற்களை மீண்டும் அவர்முன் போடுகிறார். பீட்டர்சன் திணறுகிறார், பிறகு சட்டென, இறந்த தாயின் படத்தை எடுத்து நீட்டி, இவளா மந்த புத்திக்காரி என்று நீதிமன்றத்தையே கேட்கிறார். படப்பிடிப்பில் கிளிஃப்ட்டுக்கு உண்மையாகவே வசனம் நினைவில் நிற்கவில்லை. நீதிபதியாக அமர்ந்திருந்த ஸ்பென்சர் டிரேசியைப் பார்த்து, வருவதைப் பேசும்படி இயக்குநர் ஸ்டான்லி கிரேமர் விட்டுவிட்டார். நலிவு நடித்துவிட்டது என்று சிலர் இதை எளிதாக ஒதுக்குகிறார்கள். நான் அப்படிக் கருதவில்லை. தடுமாறுவது எவராலும் முடியும். அந்தத் தடுமாற்றத்தைப் பாத்திரத்தின் எல்லைக்குள் நிறுத்தி, அவமானம் சினமாக மாறும் கணத்தைத் தவறவிடாமல் பிடிப்பது பயின்ற கலைஞனுக்கே கைவரும். இக்காட்சிக்காகவே நான்காம் முறையாக ஆஸ்கருக்குப் பரிந்துரைக்கப்பட்டார். விருது அவருக்கு ஒருமுறையும் கிட்டவில்லை.

1962இல் வந்த ‘ஃப்ராய்ட்’ படத்தின் தாமதங்களுக்காகத் தயாரிப்பு நிறுவனம் அவர்மீது வழக்குத் தொடுத்தபின், நான்காண்டு காலம் அவரைத் தேடி வாய்ப்பு வரவில்லை. உடல்நிலை காரணமாக அவருக்குக் காப்புறுதி தர எவரும் முன்வராதபோது, டெய்லர் தம் சம்பளத்தையே பிணையாக வைத்து ‘ரிஃப்ளெக்ஷன்ஸ் இன் எ கோல்டன் ஐ’ படத்தில் அவருக்கு இடம் வாங்கினார். படப்பிடிப்பு தொடங்குமுன் 1966 ஜூலை 23 அன்று, 45 வயதில் நியூயார்க்கில் கிளிஃப்ட் காலமானார். அந்த வேடத்தை மார்லன் பிராண்டோ ஏற்றார்.