ஹேண்டில்பாரில் இருக்கும் மணி

நேயர்களுக்கு வணக்கம்.

சைக்கிள் ஓட்டுகிறவர்களில் பலர் ஹேண்டில்பாரில் தீப்பெட்டி அளவுக்கு ஒரு சின்னக் கருவி மாட்டியிருப்பார்கள். சைக்கிள் கம்ப்யூட்டர் என்று அதற்குப் பெயர். வேகம் காட்டும், தூரம் காட்டும். திரையின் ஒரு மூலையில் மணியும் காட்டும். அந்த மணியை யாரும் பெரிதாக மதிப்பதில்லை. நானும் மதிக்காமல்தான் இருந்தேன், ஒரு நாள் வரைக்கும்.

அன்றைக்கு 200 கிலோமீட்டர் பிரெவே. பிரெவே என்பது நெடுந்தூர சைக்கிள் பயணம்; பந்தயம் அல்ல, முதலிடம் இரண்டாமிடம் கிடையாது. ஆனால் பதின்மூன்றரை மணி நேரத்துக்குள் முடித்தாக வேண்டும். முந்தின இரவு என் கருவிக்கு பேட்டரி மாற்றினேன். மாற்றியதும் மணி அழிந்துவிட்டது. அவசரத்தில் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து மணியை வைத்தேன். அந்தச் சுவர்க் கடிகாரம் ஏழு நிமிடம் பின்தங்கி ஓடுகிறது என்பது எனக்குத் தெரியாது. மறுநாள் கடைசி கன்ட்ரோலில், அதாவது வழியில் நம் பயண அட்டையைச் சரிபார்க்கும் இடத்தில், நேரம் நிறைய இருக்கிறதே என்று காலை நீட்டி உட்கார்ந்துவிட்டேன். முடிவிடத்துக்கு வந்து சேர்ந்தபோது என் திரையில் இன்னும் மூன்று நிமிடம் பாக்கி. மேசை மேல் இருந்த கடிகாரத்திலோ நேரம் முடிந்து நான்கு நிமிடம் ஆகியிருந்தது. என் அட்டையை வாங்கியவர் கையெழுத்துப் போடாமல் அப்படியே திருப்பிக் கொடுத்தார். அவர் செய்தது சரிதான். அந்த அட்டையை இன்னும் வைத்திருக்கிறேன்.

அதற்குப் பிறகுதான் அந்தக் கருவிக்குள் என்ன நடக்கிறது என்று தேடிப் படிக்க ஆரம்பித்தேன்.

உள்ளே நெல்மணி அளவில் ஒரு உலோகக் குப்பி இருக்கும். அதற்குள் இசைக்கவை வடிவத்தில் வெட்டிய ஒரு குவார்ட்ஸ் துண்டு. மின்சாரம் கொடுத்தால் அது வினாடிக்கு 32,768 முறை அதிரும். இது என்ன கணக்கு என்று தோன்றும். 32,768-ஐப் பாதியாக்குங்கள், அதையும் பாதியாக்குங்கள், இப்படிப் பதினைந்து முறை செய்தால் சரியாக ஒன்று வரும். அந்த ஒன்றுதான் ஒரு வினாடி. மின்சுற்றுக்குப் பாதியாக்குவது மிகச் சுலபமான வேலை என்பதால் இந்த எண்ணைத் தேர்ந்தெடுத்தார்கள்.

இந்தக் குவார்ட்ஸுக்குப் பிடித்த வெப்பநிலை ஏறக்குறைய 25 டிகிரி செல்சியஸ். அதைவிடச் சூடானாலும் அதிர்வு குறையும், குளிர்ந்தாலும் குறையும். இரண்டு பக்கமும் மெதுவாகத்தான் போகும், வேகமாகாது. 20 டிகிரி விலகினால் ஒரு நாளைக்கு ஒரு வினாடிக்குச் சற்று அதிகமாகப் பின்தங்கும். 35 டிகிரி விலகினால் மூன்றரை வினாடி. விலகல் கொஞ்சம் கூடினாலே பிழை மளமளவென்று ஏறுவதைக் கவனியுங்கள். கையில் கட்டும் கடிகாரத்துக்கு உடம்புச் சூடு ஒரு போர்வை மாதிரி, நாள் முழுக்க ஒரே நிலையில் வைத்திருக்கும். ஹேண்டில்பாரில் இருப்பதற்கு அந்தக் கொடுப்பினை இல்லை. விடியற்காலைப் பனியையும் அதுதான் வாங்குகிறது, நடுப்பகல் வெயிலில் சைக்கிளை நிறுத்திவிட்டுப் போனால் அந்தக் காய்ச்சலையும் அதுதான் வாங்குகிறது. அதனால் இறங்கிப் போகும்போது கருவியைக் கழற்றிப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். திருட்டுக்குப் பயந்து பலரும் இதைச் செய்கிறார்கள். மணிக்காகவும் செய்யலாம்.

வெப்பநிலையை விட்டுவிட்டாலும், ஒவ்வொரு குவார்ட்ஸுக்கும் பிறவியிலேயே ஒரு சின்னப் பிழை உண்டு. பத்து லட்சத்தில் 20 பங்கு என்பது சாதாரணமாக ஏற்றுக்கொள்ளும் அளவு. கேட்கச் சிறியதாகத் தெரியும். கணக்குப் போட்டால் நாளைக்கு 1.7 வினாடி, மாதத்துக்கு ஐம்பது வினாடிக்கு மேல், வருடத்துக்குப் பத்து நிமிடம்.

அப்படியானால் கருவி காட்டும் வேகமும் தப்பா என்று ஒரு நண்பர் கேட்டார். நல்ல கேள்வி. சக்கரக் கம்பியில் இருக்கும் காந்தம் சென்சாரைக் கடக்கும் ஒவ்வொரு முறைக்கும் நடுவில் எவ்வளவு நேரம் ஆனது என்று பார்த்துத்தான் கருவி வேகத்தைச் சொல்கிறது. அந்த நேரத்தை அளப்பதும் இதே மாதிரி ஒரு குவார்ட்ஸ்தான். ஆனாலும் கவலை வேண்டாம். பத்து லட்சத்தில் 20 பங்கு என்றால் 100 கிலோமீட்டருக்கு இரண்டு மீட்டர் அளவுப் பிழை. டயரில் காற்று கொஞ்சம் குறைந்தாலே அதைவிடப் பெரிய பிழை வரும். வேகம் ஒரு கணத்தோடு முடிந்துபோகிறது. மணியில் மட்டும் பிழை நாளுக்கு நாள் சேர்ந்துகொண்டே போகிறது.

இன்னொன்று, இதில் பலர் ஏமாறுகிறார்கள். திரையில் ஓட்ட நேரம் என்று ஒன்று ஓடும். பெரும்பாலான கருவிகளில் சக்கரம் நின்றால் அதுவும் நின்றுவிடும். கெடு உள்ள பயணத்தில் அதைப் பார்க்கவே கூடாது. நாம் தண்ணீர் குடிக்கும்போதும் கெடு ஓடிக்கொண்டுதான் இருக்கும்.

சரி, மணியை எப்படிச் சரியாக வைப்பது? செல்போன் நெட்வொர்க்கில் இருந்து தானாக நேரம் எடுத்துக்கொள்கிறதா என்று பார்த்துக்கொண்டு, அதில் வினாடி தெரியும் கடிகாரத்தைத் திறந்து வையுங்கள். கருவியில் அடுத்த நிமிடத்தை முன்கூட்டியே வைத்துவிட்டு, கடைசிப் பொத்தானின் மேல் விரலை வைத்துக் காத்திருங்கள். ஐம்பத்தெட்டு, ஐம்பத்தொன்பது, சைபர் வந்ததும் அழுத்துங்கள். அதோடு விட்டுவிடாதீர்கள். ஒரு நிமிடம் காத்திருந்து, இரண்டிலும் நிமிட எண் ஒன்றாக மாறுகிறதா என்று பாருங்கள். சில கருவிகள் பொத்தானை அழுத்தியதும் வினாடியைச் சைபரில் இருந்து தொடங்கும். சில, பழைய வினாடியை உள்ளுக்குள் அப்படியே எண்ணிக்கொண்டிருக்கும். உங்களுடையது எந்த ரகம் என்று இந்த ஒரு நிமிடம் சொல்லிவிடும்.

வானொலியில் மணிக்கு மணி வரும் 'பிப்' ஒலியை வைத்தும் சரிபார்க்கலாம். 1924-இல் கிரீனிச் வானாய்வகத்தின் கடிகாரத்தில் இருந்து ஒலிபரப்பத் தொடங்கிய பழைய வழக்கம் அது. ஆனால் நீங்கள் என்னை இணையம் வழியாகக் கேட்டுக்கொண்டிருந்தால் அந்த ஒலியை நம்பி மணி வைக்காதீர்கள். இணையத்தில் ஒலி பல வினாடி தாமதமாகத்தான் வந்து சேரும்.

இனி நான் முக்கியமாகச் சொல்ல வந்த விஷயம். பழைய காலத்துக் கப்பல்களில் குரோனோமீட்டர் என்று ஒரு கடிகாரம் இருந்தது. அதை வைத்துத்தான் நடுக்கடலில் தீர்க்கரேகையைக் கணித்தார்கள். அது முந்தினாலும் பிந்தினாலும் தினமும் முள்ளைத் திருப்ப மாட்டார்கள். நாளைக்கு எவ்வளவு மாறுகிறது என்று ஏட்டில் எழுதிவைத்து, கணக்கில் மட்டும் திருத்திக்கொள்வார்கள். நம் கருவியிலும் அதைச் செய்யலாம். ஒரு தேதியில் சரியாக வைத்து, 30 நாள் தொடாமல் விட்டு, எவ்வளவு மாறியிருக்கிறது என்று பாருங்கள். 40 வினாடி பிந்தியிருந்தால், அடுத்த முறை 20 வினாடி முந்தி வையுங்கள். மாதம் முழுக்க 20 வினாடிக்கு மேல் தப்பு வராது.

வாரத்தில் சில நிமிடம் பிந்துகிறது, அல்லது மேடுபள்ளத்தில் ஏறி இறங்கியதும் மணி அழிந்துபோகிறது என்றால் குவார்ட்ஸைக் குறை சொல்லாதீர்கள். அது பேட்டரி விவகாரம். பெரும்பாலும் சிஆர்2032 என்ற பொத்தான் பேட்டரிதான் இருக்கும். 20 மில்லிமீட்டர் அகலம், 3.2 மில்லிமீட்டர் தடிமன், பெயரிலேயே அளவு இருக்கிறது. மூடியைத் திறந்து, உள்ளே இருக்கும் தகட்டை உலர்ந்த துணியால் துடைத்து, நகத்தால் லேசாக மேலே தூக்கிவிடுங்கள். அதிர்ச்சியில் பேட்டரியை விட்டு அது விலகாமல் இருக்கும். கழற்றுவதற்கு முன்னால் மொத்த தூரத்தையும் சக்கரச் சுற்றளவையும் எழுதிவைத்துக்கொள்ளுங்கள். கழற்றிய பேட்டரி குழந்தைகள் கையில் கிடைக்கவே கூடாது. விழுங்கிவிட்டால் உயிருக்கே ஆபத்து.

ஜிபிஎஸ் கருவி வைத்திருப்பவர்களுக்கு இந்தத் தொல்லை குறைவு. நேரம் செயற்கைக்கோளில் இருந்து வருகிறது. ஆனால் செயற்கைக்கோளின் நேரம் உலகப் பொது நேரத்தைவிட 18 வினாடி முந்தி ஓடுகிறது. அந்த வித்தியாசத்தைச் சொல்லும் செய்தி பன்னிரண்டரை நிமிடத்துக்கு ஒருமுறைதான் வரும். வெகுநாள் அணைந்துகிடந்த கருவியைத் திறந்த வானத்தின் கீழே கால் மணி நேரம் வைத்துவிட்டு அப்புறம் நம்புங்கள். பழைய கருவி தேதியைச் சுமார் இருபது வருடம் பின்னால் காட்டினால் பயப்பட வேண்டாம். ஜிபிஎஸ் வாரங்களை 1,024 வரை எண்ணிவிட்டு மறுபடி சைபருக்கு வந்துவிடும். கடைசியாக 2019 ஏப்ரலில் அப்படி நடந்தது. மென்பொருளைப் புதுப்பித்தால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

என் பழைய கருவியை நான் மாற்றவில்லை. அது மாதத்துக்கு 34 வினாடி பிந்துகிறது. ஒவ்வொரு மாதமும் முதல் தேதி காலையில் 17 வினாடி முந்தி வைக்கிறேன். பிரெவே புறப்படும் இடத்தில் அமைப்பாளர்களின் கடிகாரத்தோடு ஒருமுறை ஒப்பிட்டு, வித்தியாசத்தை அட்டையின் ஓரத்தில் பென்சிலால் குறித்துக்கொள்கிறேன். போன முறை குறித்தது நான்கு வினாடி.

நன்றி, வணக்கம்.