தடவும் தேங்காயும் தின்னும் தேங்காயும்

தோல் மருத்துவர் ஒருவர் நாகர்கோவிலில் பொதுமக்கள் முன் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்

பெரியவர்களே, தாய்மார்களே, பிள்ளைகளே, எல்லோருக்கும் வணக்கம்.

ஒரு தோல் மருத்துவரைக் கூப்பிட்டுத் தேங்காய் சாப்பிடுவதைப் பற்றிப் பேசச் சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. காலையில் வெறும் வயிற்றில் இரண்டு மேசைக்கரண்டி தேங்காய் எண்ணெய் குடித்தால் முகம் பளபளக்கும், பரு போகும், எக்சிமா எனும் கரப்பான் ஆறும், சொரியாசிஸ்கூட அடங்கும் என்று கைப்பேசியில் வீடியோ வருகிறது. பார்த்தவர்கள் குடிக்கிறார்கள். அதில் சிலர் எழுதிக்கொடுத்த மருந்தையும் நிறுத்திவிட்டு எண்ணெயை மட்டும் நம்பி இருந்து, முற்றிய பிறகு வருகிறார்கள். தோலெல்லாம் வெடித்து, தூக்கம் கெட்டு வந்து உட்காரும் அவர்களைப் பார்க்கும்போது மனசு ரொம்பக் கஷ்டப்படுகிறது. அதனால் என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தேங்காயை உணவாகச் சாப்பிடுங்கள். எண்ணெயை, ஒத்துக்கொள்கிறவர்கள் தோலில் தடவுங்கள். மருந்து என்று நினைத்துக் குடிக்காதீர்கள்.

தடவுவதில் தொடங்குகிறேன். தேங்காய் எண்ணெய்க்கு நல்ல பெயர் வந்தது அங்கேதான், அது நியாயமான பெயரும்கூட. நம் தோலின் மேலடுக்கு ஒரு செங்கல் சுவர் மாதிரி. செத்த செல்கள் செங்கல், இடையில் இருக்கும் கொழுப்பு சாந்து. சாந்து உதிர்ந்தால் உள்ளிருக்கும் ஈரம் வெளியே போகும், வெளியிலிருக்கும் கிருமி உள்ளே வரும். கரப்பான் உள்ளவர்களுக்கு இந்தச் சாந்துதான் பலவீனம்.

நம்மைப் போலவே தேங்காயில் வாழும் நாடு பிலிப்பைன்ஸ். அங்கே இதை முறையாகச் சோதித்திருக்கிறார்கள். 2008-இல் வெளியான ஓர் ஆய்வில் கரப்பான் உள்ள பெரியவர்களில் ஒரு பிரிவினர் ஆலிவ் எண்ணெயும், இன்னொரு பிரிவினர் காயவைக்காத தேங்காயிலிருந்து எடுக்கும் கன்னித் தேங்காய் எண்ணெயும் தினம் இரண்டு வேளை என்று நான்கு வாரம் தடவினார்கள். கரப்பானைக் கிளறிவிடும் ஸ்டாஃபிலோகாக்கஸ் என்ற கிருமி, தேங்காய் எண்ணெய்ப் பிரிவில் தொடக்கத்தில் 20 பேர் தோலில் இருந்தது. முடிவில் ஒருவரிடம் மட்டும் மிஞ்சியது. 2014-இல் 117 குழந்தைகளிடம் எட்டு வாரம் செய்த சோதனையிலும், பெட்ரோலியத்திலிருந்து எடுக்கும் கனிம எண்ணெயைவிடத் தேங்காய் எண்ணெய் தடவிய பிள்ளைகளுக்குத் தோல் நன்றாகத் தேறியது. தேங்காய் எண்ணெயில் கிட்டத்தட்டப் பாதி லாரிக் அமிலம் என்ற கொழுப்பு. அதற்குச் சில கிருமிகளை அடக்கும் குணம் உண்டு. ஈரத்தைத் தக்கவைக்கும் வேலையையும் எண்ணெய் செய்கிறது. நம் வீடுகளில் தேங்காய்ப்பாலைக் காய்ச்சி உருக்கெண்ணெய் எடுத்துப் பிள்ளைக்குத் தேய்த்த பாட்டிமார்கள் அனுபவத்தில் கண்டது இதைத்தான்.

தலைமுடிக்கும் அப்படியே. 2003-இல் மும்பை ஆய்வாளர்கள் தேங்காய் எண்ணெய், சூரியகாந்தி எண்ணெய், கனிம எண்ணெய் மூன்றையும் ஒப்பிட்டார்கள். கழுவும்போது முடியிலிருந்து புரதம் கரைந்துபோவதைத் தேங்காய் எண்ணெய் மட்டும்தான் குறைத்தது. லாரிக் அமிலத்தின் மூலக்கூறு சிறியது, நேரானது. அதனால் முடித்தண்டுக்குள் புகுந்துவிடுகிறது. ஆனால் இது இருக்கிற முடியைக் காப்பாற்றும் கதை. உதிர்ந்த இடத்தில் முடி முளைக்க வைக்கும் என்று யாராவது விற்றால் வாங்காதீர்கள்.

சரி, எல்லோருக்கும் ஒத்துவருமா? வராது. முகப்பரு வரும் வயதுப் பிள்ளைகளுக்குத் தேங்காய் எண்ணெய் முகத்தில் படவே கூடாது என்பேன். மயிர்த்துளையை அடைத்துவிடும். தலைக்கு எண்ணெய் வைக்கிற சமூகங்களில் நெற்றியிலும் கன்னப்பொறியிலும் வரிசையாகச் சின்னச் சின்ன பரு வருவதை 1970-லேயே தோல் மருத்துவர்கள் தனியாக விவரித்து எழுதிவிட்டார்கள். நம் பள்ளிக்கூடப் பிள்ளைகள் நெற்றியில் எண்ணெய் வழியப் போகிறார்களே, அவர்களைப் பாருங்கள், புரியும். லாரிக் அமிலம் பருக்கிருமியைக் கொல்லும் என்று ஆய்வுக்கூடத்தில் காட்டியிருப்பது உண்மை. கண்ணாடித் தட்டில் நடப்பதும் கன்னத்தில் நடப்பதும் ஒன்றில்லை. செதில் செதிலாகச் சிவந்து அரிக்கும் பொடுகு உள்ளவர்களும் எண்ணெயை ஊறவைத்து உட்காராதீர்கள். மலசீசியா என்ற பூஞ்சை தலையில் வாழ்வதே கொழுப்பைத் தின்றுதான்.

இனி விழுங்கும் எண்ணெய்க்கு வருவோம்.

தோலில் தடவுகிற எண்ணெய் எண்ணெயாகவே அங்கே இருந்து வேலை செய்கிறது. குடிக்கிற எண்ணெய் குடலில் உடைகிறது, மறுபடி கொழுப்புத் துளியாகக் கட்டப்படுகிறது, நிணநீர் வழியாக ரத்தத்துக்குப் போகிறது, உடம்பின் மற்றக் கொழுப்போடு சேர்ந்துவிடுகிறது. பெரும்பகுதி எரிபொருளாக எரியும், மிச்சம் வயிற்றைச் சுற்றிச் சேரும். முகத்துக்கென்று தனியாக ஒரு வழி கிடையாது. தடவிப் பார்த்த ஆய்வுகளின் பலனை எடுத்துக் குடிப்பதற்குச் சான்றாகக் காட்டுகிறார்கள், அங்கேதான் மக்கள் ஏமாறுகிறார்கள்.

இன்னொரு விஷயம், இதை நீங்கள் அவசியம் கேட்க வேண்டும். தோல்சுவரின் சாந்துக்கு நம் உடம்பால் தயாரிக்க முடியாத ஒரு கொழுப்பு தேவை. லினோலெயிக் அமிலம் என்று பெயர். சாப்பாட்டில் வந்தால்தான் உண்டு. 1929-இல் அமெரிக்காவில் பர் தம்பதியர் எலிகளுக்குக் கொழுப்பே இல்லாத உணவு கொடுத்தார்கள். எலிகளின் தோல் செதில் செதிலாக உரிந்தது, வால் புண்ணானது. லினோலெயிக் அமிலம் சேர்த்ததும் தேறின. கொழுப்பிலும் அத்தியாவசியமானது உண்டு என்று உலகத்துக்குத் தெரிந்தது அப்படித்தான். தேங்காய் எண்ணெயில் இந்த லினோலெயிக் அமிலம் எவ்வளவு? நூற்றுக்குச் சுமார் 2. நல்லெண்ணெயில் 40-க்குப் பக்கம். கடலை எண்ணெயிலும் நிறைய. பிற்காலத்தில் எலிகளுக்கு இந்தக் குறைபாட்டை வேண்டுமென்றே உண்டாக்க நினைத்த ஆய்வாளர்கள் கொடுத்த கொழுப்பு எது தெரியுமா? ஹைட்ரஜன் ஏற்றிய தேங்காய் எண்ணெய். ஹைட்ரஜன் ஏற்றும்போது அந்த 2 சதவீதமும் போய்விடும்.

பயப்பட வேண்டாம், மீனும் பருப்பும் கடலையும் கலந்து சாப்பிடுகிற யாருக்கும் இந்தக் குறை சாதாரணமாக வராது. ஆனால் ஏழைப் பிள்ளைகளின் முழங்கையிலும் முழங்காலிலும் முள் முள்ளாகச் சொரசொரப்பு வருமே, அதற்கு இந்தக் கொழுப்புக் குறைவும் வைட்டமின் ஏ, பி குறைவும் காரணம் என்று நம் நாட்டில் நெடுங்காலமாகவே சொல்லி வருகிறோம். தோலுக்காக எண்ணெய் சாப்பிட வேண்டும் என்று ஒருவருக்கு ஆசை இருந்தால், கைக்கு முதலில் வர வேண்டியது நல்லெண்ணெய்ப் பாட்டில். தேங்காய் எண்ணெயை வீட்டை விட்டு விரட்டச் சொல்லவில்லை. தாளிக்கவும் அவியலுக்கு மேலே ஊற்றவும் அதை வைத்துக்கொள்ளுங்கள். மற்ற சமையலுக்கு வேறு எண்ணெயும் புழங்கட்டும்.

அப்புறம் நெஞ்சு. இந்த மாவட்டத்தில் இதைப் பேசினால் சண்டைக்கு வருவார்கள், இருந்தாலும் சொல்கிறேன். தேங்காயில் கொலஸ்ட்ரால் கிடையாது, எந்தச் செடியிலும் கிடையாது. ஆனால் தேங்காய் எண்ணெயில் பத்தில் எட்டுப் பங்குக்கு மேல் நிறைவுற்ற கொழுப்பு. அது நம் ஈரலை எல்.டி.எல். என்ற கெட்ட கொலஸ்ட்ராலை ரத்தத்தில் கூட்ட வைக்கிறது. 16 சோதனைகளைச் சேர்த்துப் பார்த்த ஒரு தொகுப்பாய்வு 2020-இல் வந்தது. மற்றத் தாவர எண்ணெய்களோடு ஒப்பிட்டால், தேங்காய் எண்ணெய், நூறு மில்லிலிட்டர் ரத்தத்துக்கு எல்.டி.எல். அளவைச் சுமார் 10 மில்லிகிராம் ஏற்றுகிறது, நல்லது எனப்படும் எச்.டி.எல். அளவையும் 4 மில்லிகிராம் ஏற்றுகிறது. அந்த 4 இந்த 10-ஐச் சமன் செய்யும் என்பதற்கு ஆதாரம் இல்லை.

இரண்டு மேசைக்கரண்டி எண்ணெய் என்றால் 28 கிராம். அதில் நிறைவுற்ற கொழுப்பு மட்டும் சுமார் 24 கிராம். நாளுக்கு 2000 கலோரி சாப்பிடுகிறவருக்கு உலகச் சுகாதார நிறுவனம் சொல்லும் உச்ச வரம்பு 22 கிராம். வெறும் வயிற்றில் ஒரு மடக்கிலேயே அன்றைய கணக்கு முடிந்துபோகிறது, மீன்குழம்பும் தீயலும் இன்னும் தட்டுக்கு வரவில்லை. கலோரியோ 240. ஒரு மாதம் இப்படிக் குடித்தால், வேறெதையும் குறைக்காதவர் கிட்டத்தட்ட ஒரு கிலோ எடைக்கான கலோரியைக் கூடுதலாக விழுங்கியிருப்பார்.

எதிர்ப்பக்கமும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். கொச்சியில் 200 இதய நோயாளிகளைப் பாதிப் பாதியாகப் பிரித்து, தேங்காய் எண்ணெயிலும் சூரியகாந்தி எண்ணெயிலும் இரண்டு வருடம் சமைத்துச் சாப்பிட வைத்தார்கள். 2016-இல் முடிவு வெளியானது, பெரிய வித்தியாசம் இல்லை. சந்தோஷம்தான். ஆனால் அவர்கள் மருத்துவர்களின் கண்காணிப்பில், கொலஸ்ட்ராலைக் குறைக்கும் மருந்து உட்பட முறையான சிகிச்சையில் இருந்தவர்கள். மருந்தில்லாமல் குடிக்கிற நாற்பது வயதுக்காரருக்கு அந்த முடிவைப் பொருத்த முடியாது.

பசிபிக் தீவுகளையும் சொல்வார்கள். டோக்கெலாவ் தீவு மக்களின் உணவில் கலோரியில் 60 சதவீதத்துக்கும் மேல் தேங்காயிலிருந்தே வந்தது, இதயநோயும் அரிதாக இருந்தது என்று 1981-இல் எழுதினார்கள். அதே ஆய்வில்தான், அவர்களுடைய ரத்தக் கொலஸ்ட்ரால், தேங்காய் குறைவாகச் சாப்பிட்ட புகாபுகா தீவினரைவிட அதிகம் என்றும் இருக்கிறது. அந்தத் தீவு மக்கள் தேங்காயைப் பருப்பாகவும், அதாவது உள்ளிருக்கும் சதையாகவும், பாலாகவும் மீனோடு சாப்பிட்டார்கள், சர்க்கரை மிகக் குறைவு, நாளெல்லாம் உடலுழைப்பு. நாமோ மூன்று வேளை வெள்ளைச் சோறு, பலகாரம், பைக். எண்ணெயை மட்டும் அவர்களிடமிருந்து எடுத்துக்கொண்டால் எப்படி?

பருப்பாகச் சாப்பிடுவது என்றேன். அதுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. நூறு கிராம் முற்றிய தேங்காயில் கொழுப்பு 33 கிராமுக்குக் குறையாது, ஆனால் அதோடு 9 கிராம் நார்ச்சத்தும் வருகிறது. துவையலாக அரைத்தாலும், துருவித் தூவினாலும் அந்த நார் கூடவே இருக்கும். பிழிந்து பாலெடுத்தால் நார் சக்கையோடு போய்விடும். எண்ணெயாக ஆட்டினால் புண்ணாக்கோடு போய்விடும். இலங்கையில் 60 பேருக்குத் தேங்காய்ப்பால் கஞ்சி கொடுத்துப் பார்த்த ஆய்வு 2013-இல் வந்தது. அதில் எல்.டி.எல். ஏறவில்லை, குறைந்தது. சின்ன ஆய்வுதான், ஆனாலும் அளவாக உணவோடு சேரும் தேங்காயைக் கண்டு பயப்பட வேண்டாம் என்று நான் சொல்வதற்கு அது துணை.

கீரைப் பொரியலில் தேங்காய்த் துருவல் போடுகிறோமே, அதற்கு ருசியைத் தாண்டியும் ஒரு வேலை இருக்கிறது. கீரையில் இருக்கும் பீட்டா கரோட்டின் கொழுப்பில் கரைவது. கொழுப்பு கூட இல்லாவிட்டால் அது குடலில் சரியாக உறிஞ்சப்படாது. உறிஞ்சப்பட்டால்தான் வைட்டமின் ஏ ஆகும், வைட்டமின் ஏ இருந்தால்தான் தோல் சொரசொரப்பில்லாமல் இருக்கும். தேங்காய் சாப்பிட்டால் தோலுக்கு நல்லதா என்று கேட்கிறவர்களுக்கு நான் மனசார ஆமாம் என்று சொல்லும் இடம் இது ஒன்றுதான். முருங்கைக்கீரை, ஒரு கைப்பிடித் துருவல். எண்ணெய் குடிக்கும் வீடியோக்களில் இதை யாரும் காட்டுவதில்லை.

கொப்பரை பற்றியும் ஒரு வார்த்தை. சரியாகக் காயாத கொப்பரையில் பூஞ்சணம் பிடித்தால் அஃப்ளாடாக்சின் என்ற நஞ்சு உண்டாகலாம், ஈரலுக்கு ஆகாது. அதனால் வீட்டில் காயவைத்து ஆட்டுபவர்கள் கறுத்த, பூத்த துண்டுகளை எடுத்துப் போட்டுவிடுங்கள். காசு போகிறதே என்று சேர்த்து ஆட்டாதீர்கள். காறிய எண்ணெயைத் தோலிலும் தடவ வேண்டாம், எரிச்சல் தரும்.

மேடைக்குத் துண்டுச்சீட்டு இரண்டு வந்திருக்கிறது. முதல் சீட்டு: "பரு போக எதை நிறுத்த வேண்டும்?" தேங்காயை நிறுத்தினால் பரு போகும் என்பதற்கு உறுதியான ஆதாரம் இல்லை, அம்மா. சர்க்கரை, மைதா, கூல்டிரிங்க்ஸ் இவற்றைக் குறைப்பதற்கு இருக்கிறது. 2007-இல் ஆஸ்திரேலியாவில் இளைஞர்களிடம் 12 வாரம் சோதித்து, ரத்தச் சர்க்கரையைச் சட்டென்று ஏற்றாத உணவு சாப்பிட்டவர்களுக்குப் பரு நன்றாகக் குறைந்ததைக் காட்டினார்கள். பிள்ளைக்குப் பரு தழும்பாகிறது என்றால் உணவை மாற்றிப் பார்த்துக் காத்திருக்க வேண்டாம், உடனே கூட்டிக்கொண்டு வாருங்கள்.

இரண்டாவது சீட்டு: "அப்பாவுக்குச் சிறுநீரகக் கோளாறு. இளநீர் கொடுக்கலாமா?" இதைக் கேட்டவருக்கு என் நன்றி, நான் விட்டுவிட்டுப் போயிருப்பேன். ஒரு இளநீரில் பொட்டாசியம் 500 மில்லிகிராமுக்கும் மேல் இருக்கும். ஆரோக்கியமான சிறுநீரகம் அதை எளிதாக வெளியேற்றிவிடும். கெட்டுப்போன சிறுநீரகத்தால் முடியாது. ரத்தத்தில் பொட்டாசியம் ஏறினால் இதயத்துடிப்பே குழம்பும், உயிருக்கே ஆபத்து. ரத்த அழுத்தத்துக்கும் இதயத்துக்கும் தரும் சில மாத்திரைகளும் பொட்டாசியத்தை உடம்பில் தேக்கும். அதனால் உங்கள் அப்பாவின் ரத்தப் பரிசோதனையைப் பார்த்த மருத்துவர் சரி என்று சொல்லாமல் ஒரு மடக்குகூடக் கொடுக்காதீர்கள். உறவினர் யாராவது பார்க்க வரும்போது இளநீர் வாங்கி வருவார்கள். அவர்களிடமும் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். அப்படியே, வீட்டில் யாருக்காவது கடும் வயிற்றுப்போக்கு என்றாலும் இளநீரை மட்டும் நம்ப வேண்டாம். அதில் சோடியம் போதாது. மருந்துக்கடையில் ஓ.ஆர்.எஸ். பொட்டலம் கிடைக்கும், உறையில் எழுதியிருக்கும் அளவுத் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள்.

நேரமாகிவிட்டது. மீதிச் சீட்டுகள் இருந்தால் கீழே வந்து கொடுங்கள், இருந்து பதில் சொல்லிவிட்டுத்தான் போவேன். வணக்கம்.