ஐந்தால் பெருக்கிய மோகமுள்ளும் 300 ரூபா வாடைக்காற்றும்

வணக்கம் உறவுகளே! இன்றைக்குச் சமையலும் இல்லை, திருவிழாவும் இல்லை. புத்தகம் மட்டும்தான். மேசையில் இருக்கிற இந்தக் குவியலைப் பற்றித்தான் பேசப் போகிறேன். அதற்கு முன் ஒரு விலைக்கணக்கைச் சொல்லியாக வேண்டும். சொல்லாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது.

மோகமுள் நாவல் வாங்கினேன். பின்னட்டையில் இந்திய விலை 690 என்று போட்டிருக்கிறது. கடையில் நின்ற அண்ணா கல்குலேட்டரை எடுத்தார், ஐந்தால் பெருக்கினார், 3,450 என்றார். ஐந்து! இந்திய ரூபா ஒன்று நம் இலங்கைக் காசில் மூன்றரை அளவில்தான் வரும். மூன்றரையால் பெருக்கினால் 2,415. மிச்சம் 1,035 ரூபாவுக்கு என்ன கணக்கு? கப்பல் கூலி உண்டு, கொழும்பிலிருந்து லொறிக் கூலி உண்டு, கடை வாடகை உண்டு, எல்லாம் எனக்கும் விளங்குகிறது. அதனால் சண்டை போடாமல் காசைக் கொடுத்தேன். ஆனால் வீட்டுக்குக் கொண்டுவந்து பாதி வாசிப்பதற்குள் புத்தகத்தின் நடு முதுகு வெடித்துவிட்டது. கமராவுக்குப் பக்கத்தில் கொண்டுவருகிறேன், பாருங்கள். கதாநாயகன் பாபு ஒரு துண்டில், அவன் காதலிக்கும் யமுனா மறு துண்டில். இவ்வளவு தடித்த புத்தகத்தை நூல் போட்டுத் தைக்க வேண்டாமா? வெறும் பசை! 3,450 ரூபாவுக்குப் பசை!

சரி, கதைக்கு வருகிறேன். தி. ஜானகிராமனுடைய எழுத்தில் எனக்கு ஒரு குறையும் இல்லை. கும்பகோணத்துத் தெருக்களும், ரங்கண்ணா பாட்டுச் சொல்லிக் கொடுக்கும் பக்கங்களும் அப்படியே காதில் விழுகின்றன. சங்கீதம் தெரியாத நானே அந்தப் பக்கங்களைத் திரும்பத் திரும்ப வாசித்தேன். எனக்கு எரிச்சல் பாபுவின் மேல்தான். எதற்கெடுத்தாலும் நின்று யோசிக்கிறான், தவிக்கிறான், பிறகு தவித்ததைப் பற்றியும் யோசிக்கிறான். யமுனா அவனைவிடப் பத்து வயது மூத்தவள். அவளுக்கு இருக்கும் தெளிவில் கால்வாசி இவனுக்கு இருந்திருந்தால் புத்தகம் இவ்வளவு தடித்திருக்காது, முதுகும் வெடித்திருக்காது.

பழைய காணொளிகளைப் பார்த்தவர்களுக்கு என் சட்டம் தெரியும். முதல் ஐம்பது பக்கத்துக்குள் யாராவது எதையாவது சாப்பிட வேண்டும். பசியே எடுக்காத மனிதர்களை நான் நம்புவதில்லை. இந்தச் சட்டப் பரீட்சையில் கல்கி அதிவிசேட சித்தி. பொன்னியின் செல்வனில் முதல் அத்தியாயமே ஆடிப்பெருக்கு. ஏரிக்கரையில் சனம் கூட்டாஞ்சோறும் சித்திரான்னமும் கட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்துவிடுகிறது. வந்தியத்தேவனுக்கு முன் எனக்குப் பசி வந்துவிட்டது. 1950 முதல் 1954 வரை வாரா வாரம் வந்த கதை, ஐந்து பாகம். எனக்குப் பிடித்தது இரண்டாம் பாகம்தான், ஏனென்றால் அதில் கதை நம் பக்கம் வருகிறது. கோடிக்கரையிலிருந்து இருட்டில் படகு கிளம்புகிறது, துடுப்புப் பிடிப்பவள் பூங்குழலி. பிறகு மாதோட்டம் வருகிறது. திருக்கேதீச்சரத்துக்குப் போய் இறங்குகிறோமே, அந்த மாதோட்டம்தான். குந்தவையா நந்தினியா என்று நீங்கள் கருத்துப் பகுதியில் எவ்வளவு சண்டை போட்டாலும் என் வாக்கு பூங்குழலிக்கே. கடலைப் படிக்கத் தெரிந்தவள் அவள் ஒருத்திதான்.

கல்கி என்றதும் நினைவு வருகிறது, ஜே.ஜே: சில குறிப்புகளைச் சொல்லாமல் வந்துவிட்டேன். சுந்தர ராமசாமி எழுதியது, 1981இல் வந்தது. ஜே.ஜே. ஒரு மலையாள எழுத்தாளர், அதுவும் முழுக்கக் கற்பனை. அவர் 1960 ஜனவரி 5ஆம் தேதி இறந்தார் என்று புத்தகம் தொடங்குகிறது. பிரெஞ்சு எழுத்தாளர் அல்பேர் காம்யு இறந்ததற்கு மறுநாள்! பெரிய தத்துவமெல்லாம் பேசும் புத்தகம், பேசட்டும். எனக்கு வேண்டிய இடம் வேறு. தமிழ் எழுத்தாளன் ஒருவன் ஆசையாக ஜே.ஜே.யைப் போய்ச் சந்திக்கிறான். அந்தப் பெரிய மனிதர் அவனிடம் விசாரிப்பது, கல்கியின் சிவகாமியின் சபதம் நாவலில் வரும் சிவகாமி தன் சபதத்தை நிறைவேற்றிவிட்டாளா என்று! நான் சிரித்த சிரிப்பில் குசினியிலிருந்து அம்மா என்ன நடந்தது என்று கேட்டுக்கொண்டு ஓடி வந்தார். கல்கியையும் எனக்குப் பிடிக்கும், கல்கியை அப்படிக் கிள்ளியதும் பிடிக்கும். இரண்டும் ஒரே மனதில் இருக்கலாம்.

புயலிலே ஒரு தோணி பற்றி இன்றைக்கு அதிகம் பேசவில்லை, அதற்குத் தனிக் காணொளி வரும். மெடான், பினாங்கு, யுத்தம், நடுக்கடலில் ஒரு புயல். ப. சிங்காரம் எழுதிய நாவல்கள் இரண்டே இரண்டு. இவ்வளவு எழுதத் தெரிந்தவர் ஏன் இன்னும் எழுதவில்லை என்று எனக்குக் கோபமே வருகிறது.

இப்போது உங்களுக்குக் காட்டத் துடித்துக்கொண்டிருக்கும் புத்தகம். வாடைக்காற்று! செங்கை ஆழியான்! பழைய பிரதி!

பழைய புத்தகம் விற்கும் ஒரு ஐயாவிடம், பழைய வினாத்தாள் கட்டுகளுக்கு அடியில் கிடந்தது. அவர் 400 ரூபா என்றார். நான் புத்தகத்தை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தேன். இராமபாணப் பூச்சி முதல் அட்டையில் நுழைந்து கடைசிப் பக்கம் வரை நேர்கோட்டில் துளை போட்டிருக்கிறது. அந்தத் துளை வழியாக ஐயாவின் கண்ணாடி தெரிந்தது. "ஐயா, இதிலே பூச்சி சாப்பிட்ட பங்கைக் கழியுங்கள்" என்றேன். அவர் சிரித்துவிட்டு, "பிள்ளை, 300 தா" என்றார். உறவுகளே, அந்த நூறு ரூபாவை நான் வாழ்நாளில் மறக்க மாட்டேன். ஒன்று சொல்ல விட்டுப்போயிற்று: உறை போடுவதற்கு ஒரு பழைய கலண்டர் தாளும் இலவசமாகத் தந்தார்.

கதை நம் யாழ்ப்பாணத்துத் தீவான நெடுந்தீவில் நடக்கிறது. வாடைக்காலத்தில் வெளியூர் மீனவர்கள் வந்து கரையில் வாடி, அதாவது தற்காலிகக் குடில், போடுகிறார்கள், காதல் வருகிறது, பகை வருகிறது. 1978இல் படமாகவும் வந்தது. செங்கை ஆழியான் புவியியல் படித்தவர். அதனால் அவருடைய கதையில் காற்று சும்மா அழகுக்கு அடிப்பதில்லை. எப்போது திரும்பும், கடல் எப்போது விடும், எல்லாம் மனிதர்களின் தலைவிதியோடு சேர்ந்து வருகிறது. குறிகட்டுவான் துறையில் நெடுந்தீவுப் படகுக்குக் காத்து நின்றவர்கள் ஒவ்வொரு பக்கத்திலும் தலையாட்டுவீர்கள். மீன் மணக்கிறது. என் சட்டத்தைப் பற்றிக் கேட்கவே வேண்டாம்!

எனக்கு ஆற்றாமை என்னவென்றால், இந்தப் புத்தகத்தை யாழ்ப்பாணத்துக் கடைகளில் கேட்டால் "முடிந்துவிட்டது" என்கிறார்கள். சோழநாட்டுக் கதை ஐந்து பாகமும் கண்ணாடி அலுமாரியில் நிற்கிறது, நெடுந்தீவுக் கதையை நான் வினாத்தாளுக்கு அடியில் தோண்டி எடுக்கிறேன். 'நூலகம்' என்ற இணையத்தளத்தில் நம் நூல்களை ஒவ்வொரு பக்கமாகப் படமெடுத்துப் போட்டிருக்கிறார்கள். 2005இலிருந்து இயங்குகிற முயற்சி, அவர்களைக் கையெடுத்துக் கும்பிடுகிறேன். ஆனால் ஒரு நாவல் முழுவதையும் தொலைபேசியில் வாசித்தால் கண் என்னத்துக்கு ஆகும்? 1981இல் ஏறத்தாழ 97,000 நூல்களைத் தீயில் இழந்த ஊர் இது. நம் நாவல்கள் அச்சில் இருக்க வேண்டும். கடையின் முன் தட்டில், கைக்கெட்டும் உயரத்தில் இருக்க வேண்டும். பதிப்பகம் வைத்திருக்கிற யாராவது இதைப் பார்த்தால் தயவுசெய்து யோசியுங்கள். முதல் பிரதிக்கு முற்பணம் இன்றைக்கே தருகிறேன். தைத்த கட்டாக இருக்கட்டும்!

கொக்குவில்காரரை மறக்கவில்லை. அ. முத்துலிங்கத்தின் உண்மை கலந்த நாட்குறிப்புகள். ஆப்பிரிக்காவில் நடந்தாலும் கனடாவில் நடந்தாலும் கொக்குவில் ஒழுங்கையில் நின்று சொல்வதுபோலச் சொல்கிறார். பஸ்ஸில் வாசிக்காதீர்கள். சத்தமாகச் சிரிப்பீர்கள், எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள்.

கடைசியாக டானியல். பஞ்சமர், 1972. வாங்கும்போது என் சாப்பாட்டுச் சட்டத்தோடுதான் திறந்தேன், அந்தச் சட்டமே அங்கே வேறு அர்த்தம் எடுத்தது. தேநீர்க்கடைக்குள் போய், எல்லோரும் குடிக்கும் குவளையில், எல்லோரோடும் உட்கார்ந்து ஒரு தேநீர் குடிப்பதற்கு இந்த ஊரில் அறுபதுகளில் ஒடுக்கப்பட்ட சாதி மனிதர்கள் போராட வேண்டியிருந்தது. கோவிலுக்குள் போகவும் அப்படித்தான். அந்தப் போராட்டங்களைச் சுற்றி எழுதப்பட்ட நாவல் இது. பல இடங்களில் கோபத்தில் மூடி வைத்துவிட்டு முற்றத்துக்குப் போய் நின்றேன். பாத்திரங்கள் நிறைய, யார் யாருக்கு என்ன முறை என்று ஒரு தாளில் எழுதிவைத்துக்கொண்டு வாசியுங்கள். மொழி நம் வீட்டு மொழி. பேச்சுவழக்கு கடினம் என்று தமிழகத்து நண்பர்கள் சொல்வார்கள், விளங்காத இடத்தை என்னிடம் கேளுங்கள், ஒவ்வொன்றுக்கும் பதில் எழுதுவேன்.

இதே வரிசையில் டானியல் எழுதிய கானல், அடிமைகள் என்ற நாவல்கள் என்னிடம் இருக்கின்றன. நான் தேடுவது தண்ணீர் என்ற நாவலை, அது என்னிடம் இல்லை. உங்கள் வீட்டு அலுமாரியில், பரணில், பெட்டிக்குள் எங்காவது ஒரு பிரதி இருந்தால் தகவல் சொல்லுங்கள். இரவல் என்றாலும் சரி, அனுப்பும் செலவும் திருப்பி அனுப்பும் செலவும் என்னுடையது. பூச்சி அரித்திருந்தாலும் பரவாயில்லை, நானே தைத்து உறை போட்டுத் தருகிறேன்.