தலை தூக்காத சிப்பாய்

புதுச்சேரி வானொலி நேயர்களுக்கு வணக்கம். ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்று, இப்போது கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் இருக்கிறேன். என்.சி.சி. பிள்ளைகளுக்குத் துப்பாக்கி சுடச் சொல்லித்தரப் போனால், மறைந்திருந்து எதிரியைக் குறிபார்த்துச் சுடுவதில் பேர்பெற்ற பின்லாந்து சிப்பாய் சிமோ ஹைஹா பேச்சு எப்படியாவது வந்துவிடும். "எத்தனை பேரைச் சுட்டார் சார்?" என்பதுதான் முதல் கேள்வி.

500-க்கு மேல் என்பார்கள். அதுவும் 100 நாளுக்குள். சொல்லியாயிற்று, அதை விடுவோம். எனக்கு வியப்பு வேறு இடத்தில். அவர் துப்பாக்கியில் டெலஸ்கோப் கிடையாது.

1939 நவம்பர் 30-ல் சோவியத் படை பின்லாந்துக்குள் நுழைந்தது. ஹைஹா ஒரு விவசாயி, வேட்டைக்காரர், உயரம் சுமார் 5 அடி 3 அங்குலம். கொல்லா என்ற போர்முனைக்குப் போனார். அவருடைய கம்பெனி கமாண்டர் ஆர்னே யூட்டிலைனென், மொராக்கோவில் பிரெஞ்சு அந்நியர் படையில், அதாவது வெளிநாட்டவரைச் சேர்க்கும் பிரெஞ்சு ராணுவப் பிரிவில், இருந்தவர். பிரெஞ்சு ராணுவத்தில் இருந்த சொல்தாக்களின் குடும்பங்கள் உள்ள புதுச்சேரியில் அந்தப் படையைப் பற்றி நான் மேலும் விளக்கத் தேவையில்லை.

கொல்லாவில் குளிர் பூஜ்யத்துக்குக் கீழே 40 டிகிரி வரை போகும். அந்தக் குளிரில் டெலஸ்கோப் கண்ணாடியில் பனி படியும், வெயில் பட்டால் பளிச்சிட்டு ஆளைக் காட்டிக்கொடுக்கும். அதைவிட முக்கியம், அதில் பார்க்கத் தலையைக் கொஞ்சம் தூக்க வேண்டும். குழல் மேலேயே உள்ள இரும்புக் குறிமுள் என்றால் கன்னத்தைத் துப்பாக்கிக் கட்டையோடு ஒட்டிக்கொண்டு படுத்தே கிடக்கலாம். அந்த இரண்டு விரற்கடை உயரம் உயிர் சமாச்சாரம். சுடும்போது தூள் பறக்காமல் இருக்க, குழல் முன்னே உள்ள பனியை அமுக்கிக் கெட்டியாக்குவார். மூச்சு ஆவியாகத் தெரியாமல் இருக்க, வாயில் பனியை அடக்கிக்கொள்வார். நானும் ஒருநாள் ஐஸ்கட்டியை வாயில் போட்டுக்கொண்டு குறிபார்த்தேன். கத்திரி வெயிலில்தான்! மூன்றாவது நிமிஷம் பல் கூசி எழுந்துவிட்டேன், பிள்ளைகள் சிரித்தார்கள்.

1940 மார்ச் 6-ல் பட்டதும் வெடிக்கும் தோட்டா ஒன்று அவருடைய இடது தாடையைச் சிதைத்தது. நினைவு திரும்பியது 13-ம் தேதி. சண்டை நின்றதும் அன்றுதான். பின்லாந்துப் படைத் தலைவர் மார்ஷல் மன்னர்ஹைம் அவரைப் பதவிப் படிகளைத் தாண்டி நேரே செகண்ட் லெப்டினன்ட் ஆக்கினார். முகம் கடைசிவரை கோணலாகவே இருந்தது.

பிறகு பின்லாந்தின் ருவோகொலாத்தியில் நிலம், நாய் வளர்ப்பு, மூஸ் என்ற பெரிய மான் வேட்டை. 2002-ல், 96 வயதில் காலமானார். இவ்வளவு நன்றாகச் சுட எப்படி முடிந்தது என்று வயதான காலத்தில் கேட்டவர்களிடம் பயிற்சி என்று மட்டும் சொல்லி நிறுத்திக்கொண்டாராம். எனக்கு அதில் ஆச்சரியம் இல்லை. எங்கள் பக்கத்து ஆட்களும் எல்லையில் இருந்து லீவில் வந்தால், கேப்பர் மலைப் பக்கம் உட்கார்ந்து முந்திரி விலையைத்தான் பேசிக்கொண்டிருப்பார்கள்.