ஹெல்சிங்கி டு டோக்கியோ: தூரம் அதேதான், டைம் ஏன் 4 மணி நேரம் ஏறிடுச்சு?

வணக்கம் மக்களே. பின்லாந்தோட ஹெல்சிங்கில இருந்து ஜப்பானோட டோக்கியோவுக்கு எவ்ளோ தூரம்னு தேடினா சுமார் 7,800 கிலோமீட்டர்னு வரும். பிளைட் மணிக்கு 900 கிமீ போகுது, வகுத்துப் பாத்தா ஒம்போது மணி நேரத்துல போயிடலாம். 2022 வரைக்கும் கிட்டத்தட்ட அப்படித்தான் போயிட்டு இருந்தாங்க, இப்ப 13 மணி நேரம் ஆகுது.

(ஸ்கிரீன்ல உலக உருண்டை)

ஒரு நூலை எடுத்து இந்த ரெண்டு ஊருக்கும் நடுவுல இழுத்துப் புடிங்க. நூல் நேரா சைபீரியா மேல போகும், அதாவது பெரும்பாலும் ரஷ்யா. 2022 பிப்ரவரில உக்ரைன் போர் ஆரம்பிச்சதும் ஐரோப்பா ரஷ்ய விமானங்களுக்குத் தடை போட்டுச்சு, ரஷ்யாவும் பதிலுக்கு வான்வெளிய மூடிருச்சு. இதுல செம அடி வாங்கினது பின்லாந்தோட ஏர்லைன்ஸ் ஃபின்ஏர். ஆசியாவுக்கு ஷார்ட்கட்னு சொல்லியே பிசினஸ் பண்ணிட்டு இருந்த கம்பெனி அது, பாவம்.

இப்ப ரெண்டு வழி இருக்கு. ஒண்ணு தெற்கால, துருக்கி, ஜார்ஜியா, கஜகஸ்தான், சீனா, கொரியான்னு சுத்திப் போறது. இன்னொன்னு வட துருவத்து வழி, டோக்கியோல இருந்து கிளம்பி பெரிங் ஜலசந்தி (ரஷ்யாவுக்கும் அமெரிக்காவோட அலாஸ்காவுக்கும் நடுவுல இருக்குற கடல்), அலாஸ்கா பக்கமா ஏறி துருவத்தத் தாண்டி அந்தப் பக்கம் இறங்குறது. எதுல போறதுன்னு பெரும்பாலும் காத்துதான் முடிவு பண்ணும், ஏன்னா ஜெட் ஸ்ட்ரீம்னு உயரத்துல வேகமா வீசுற காத்து மேற்குல இருந்து கிழக்கால வீசும், ஜப்பானுக்குப் போறப்ப அது பின்னாடி இருந்து தள்ளி விடும், திரும்பி வர்றப்ப மூஞ்சில அடிக்கும், அதனாலதான் வர்றப்ப துருவம்.

துருவத்துல இன்னொரு தலைவலி. விமான எரிபொருள் ஜெட் ஏ-1 மைனஸ் 47 டிகிரில உறைய ஆரம்பிக்கும், வெளிய சில நேரம் மைனஸ் 60க்கும் கீழ போகும். டேங்க்ல டெம்பரேச்சர் ரொம்ப எறங்கினா பைலட் கீழ எறக்குவாரு, இல்ல வேகத்தக் கூட்டுவாரு. நடுவுல எங்கயாச்சும் அவசரமா எறங்க வேண்டி வந்தா போட்டுக்க தடியான குளிர் சூட்டும் பிளைட்லயே இருக்கும். பயணிகளுக்கு 2022ல வட துருவத்தத் தாண்டினதுக்கு சர்டிபிகேட்டே குடுத்தாங்க, சும்மா சொல்லக்கூடாது, நல்ல மார்க்கெட்டிங்.

இது புது வழின்னு நெனைக்காதீங்க. சோவியத் காலத்துலயும் சைபீரியா மேல பறக்க அனுமதி சுலபமா கிடைக்காது, அதனால நிறைய ஏர்லைன்ஸ் அலாஸ்காவோட ஆங்கரேஜ்ல எறங்கி எரிபொருள் போட்டுட்டுப் போனாங்க. 1983ல இதே ஃபின்ஏர் டிசி-10 விமானத்துல எங்கயும் நிக்காம துருவம் வழியா டோக்கியோ போச்சு, அப்பவும் சுமார் 13 மணி நேரம்தான்!

டிக்கெட் பாக்குறவங்களுக்கு ஒரு கணக்கு. கோடைல ஜப்பான் கடிகாரம் பின்லாந்த விட 6 மணி நேரம் முன்னாடி, குளிர்காலத்துல 7. கோடைல டோக்கியோல ராத்திரி 10க்கு ஏறினா ஹெல்சிங்கில எறங்குறப்ப அங்க விடியக்காலம் 5 மணி, அதனால டிக்கெட்ல 7 மணி நேரப் பயணம் மாதிரி தெரியும், நம்பிடாதீங்க.