திட்ட அறிக்கை எழுதும்போது முதலில் போட வேண்டிய கணக்கு

வணக்கம் நண்பர்களே. புதிதாகச் சின்னத் தொழில் தொடங்குபவர்கள் திட்ட அறிக்கையை எப்படி எழுத வேண்டும் என்று இன்றைக்குப் பார்க்கலாம். வங்கியில் கேட்கிறார்களே, அந்த ப்ராஜெக்ட் ரிப்போர்ட்தான். மாவட்டத் தொழில் மையத்துக்குப் போனாலும் முதலில் இதைத்தான் கேட்பார்கள்.

நிறைய பேர் இதை வங்கிக்குக் கொடுக்கும் ஒரு காகிதமாக மட்டும் நினைக்கிறார்கள். யாரோ ஒருவருடைய பழைய அறிக்கையை வாங்கி, பெயரையும் ஊரையும் மாற்றிக் கொடுத்துவிடுகிறார்கள். ஆடிட்டர் அடித்துத் தருவதில் தப்பே இல்லை. ஆனால் உள்ளே இருக்கும் எண்கள் நீங்கள் விசாரித்துப் போட்டதாக இருக்க வேண்டும். கடனை அடைக்கப்போவது நீங்கள்தானே?

சரி, ஒரு தொழிலை எடுத்துக்கொள்வோம். மரச்செக்கு எண்ணெய். திண்டிவனம், செஞ்சி பக்கம் நிலக்கடலை விளைகிற ஊரில் ஒரே ஒரு மோட்டார் செக்கு போடுகிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். இதோ என் கையில் இருப்பது சாதாரண நீள நோட்டு. கம்ப்யூட்டரே வேண்டாம், இதில் எழுதினால் போதும். விலைகளை நான் கணக்குக்காகத்தான் சொல்கிறேன். உங்கள் ஊர் ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்துக்கு ஒரு நாள் காலையில் நேரில் போய் அன்றைய விலையைக் கேட்டு மாற்றிக்கொள்ளுங்கள்.

ஒரு முறை ஆட்ட 15 கிலோ பருப்பு, ஒரு நாளைக்கு ஆறு முறை. 90 கிலோ ஆகிறது. செக்கில் சுமார் 40 சதவீதம் எண்ணெய் இறங்கும், அதாவது 36 கிலோ. இங்கே கவனம் வேண்டும். எண்ணெய் இறங்குவது கிலோ கணக்கில், நாம் விற்பது லிட்டர் கணக்கில். ஒரு லிட்டர் கடலை எண்ணெய் 910 கிராம் எடைக்குப் பக்கத்தில் வரும். அதனால் 36 கிலோ என்பது ஏறக்குறைய 40 லிட்டர். மாதம் 25 நாள் ஓட்டினால் 1,000 லிட்டர்.

பருப்பு மாதம் 2,250 கிலோ வேண்டும். கிலோ 120 ரூபாய் என்றால் 2,70,000 ரூபாய். புண்ணாக்கு 1,250 கிலோ மிஞ்சும் என்று வைப்போம், கிலோ 40 ரூபாய்க்குப் போனால் 50,000 ரூபாய். அதைக் கழித்தால் ஒரு லிட்டருக்குப் பருப்புச் செலவு 220 ரூபாய். பாட்டில், கரண்ட் எல்லாம் லிட்டருக்கு 15 ரூபாய். வாடகையும் ஆள் கூலியும் மாதம் 40,000 ரூபாய், இது செக்கு ஓடினாலும் ஓடாவிட்டாலும் போகும். 6 லட்சம் கடன், 11 சதவீத வட்டி, ஐந்து வருடம் என்றால் தவணை சுமார் 13,000 ரூபாய்.

விற்பனையைப் பாதிப் பாதியாக வைத்துக்கொள்வோம். நேராக வாங்குபவர்களுக்கு 330 ரூபாய், மளிகைக் கடைக்கு 300 ரூபாய். சராசரி 315. இது வரி சேராத விலை. இதில் பருப்புக்கு 220, பாட்டில், கரண்டுக்கு 15 போனால் லிட்டருக்கு 80 ரூபாய் மிச்சம். எண்ணெய்க்கு ஜிஎஸ்டி 5 சதவீதம், வருட விற்பனை 40 லட்சத்தைத் தாண்டினால் பதிவு செய்தே ஆக வேண்டும்.

1,000 லிட்டரும் விற்றால் தவணைக்கு முன்னால் 40,000 ரூபாய் நிற்கும். பார்க்க அழகாக இருக்கிறது. பெரும்பாலான அறிக்கைகள் இதோடு நின்றுவிடுகின்றன. நீங்கள் அடுத்த வரிக்குப் போங்கள்: 600 லிட்டர்தான் விற்றது என்றால்? லிட்டருக்கு 80 ரூபாய் வீதம் 48,000 வரும். அதில் வாடகை, கூலி 40,000 போனால் 8,000 ரூபாய். தவணையோ 13,000. கையை விட்டுப் போட வேண்டும்.

அப்படியானால் எத்தனை லிட்டர் விற்றால் தலை நிற்கும்? வாடகை, கூலி 40,000, தவணை 13,000, ஆக 53,000 ரூபாயை 80-ஆல் வகுத்துப் பாருங்கள், சுமார் 660 லிட்டர் வரும். இந்த எண்ணை அறிக்கையின் முதல் பக்கத்திலேயே எழுதச் சொல்வேன். வங்கி மேலாளர் உங்களிடம் கேட்கப்போகிற கேள்வி எல்லாம் இதைச் சுற்றித்தான் வரும்.

சந்தை என்ற தலைப்பில் "இந்தியாவில் சமையல் எண்ணெய்க்குப் பெரிய தேவை உள்ளது" என்று எழுதுவதில் எந்தப் பயனும் இல்லை. 660 லிட்டர் என்றால் மாதம் இரண்டு லிட்டர் வாங்கும் 330 குடும்பங்கள். அந்தக் குடும்பங்கள் எந்தத் தெருவில் இருக்கின்றன? பாக்கெட் எண்ணெய் விலையைவிட இவ்வளவு அதிகம் கொடுத்து வாங்குவார்களா? நடந்து போய்க் கேளுங்கள். செக்கு எண்ணெய் நல்லது என்று எல்லாரும் சொல்வார்கள், அதை வைத்து முடிவெடுக்காதீர்கள். இப்போது வீட்டில் என்ன எண்ணெய் வாங்குகிறார்கள், மாதம் எத்தனை லிட்டர், எந்தக் கடையில் என்று கேட்டு எழுதுங்கள்.

அப்புறம், லாபம் வேறு, கையில் இருக்கும் காசு வேறு. இதை நான் எத்தனை தடவை வேண்டுமானாலும் சொல்வேன். நல்ல தொழில்கள் நின்றுபோவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். முதல் மாதத்தையே எடுங்கள். 1,000 லிட்டரும் விற்றுவிட்டது, நல்ல மாதம். பருப்பு ரொக்கத்துக்குத்தான் கிடைக்கும், 2,70,000 போயிற்று. பாட்டில், கரண்ட், வாடகை, கூலி என்று மற்ற செலவு 55,000. மொத்தம் 3,25,000 ரூபாய் வெளியே. உள்ளே வந்தது என்ன? நேர் விற்பனை 1,65,000, புண்ணாக்கு 50,000, ஆக 2,15,000. மளிகைக் கடைக்காரர் பணம் அடுத்த மாதம்தான் தருவார். லாபம் 40,000 என்று நோட்டு சொல்கிறது, பெட்டியில் 1,10,000 ரூபாய் பள்ளம். இரண்டாம் மாதத்திலிருந்து தவணை போக 27,000 மிஞ்சினாலும் இந்தப் பள்ளம் நிரம்ப நாலு மாதத்துக்கு மேல் ஆகும்.

அதனால் பன்னிரண்டு மாதத்துக்கும் கட்டம் போட்டு, வந்தது, போனது, கையிருப்பு என்று எழுதுங்கள். எந்த மாதம் கையிருப்பு மிகவும் கீழே போகிறதோ, அந்தத் தொகையை நடைமுறை மூலதனமாக, அதாவது தொழிலை அன்றாடம் ஓட்டுவதற்கான பணமாகக் கேளுங்கள். மெஷினுக்கு மட்டும் கடன் வாங்கிவிட்டு, பருப்புக்குக் கந்து வட்டிக்குப் போகும் நிலை யாருக்கும் வரக்கூடாது.

மானியத்தையும் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். புதிதாகத் தொழில் தொடங்குபவர்களுக்கு வங்கிக் கடனோடு மானியம் தரும் மத்திய அரசின் பிஎம்இஜிபி திட்டத்தில் கிராமப்புறத்தில் பொதுப் பிரிவுக்கு 25 சதவீதம், பெண்கள், பட்டியலினத்தவர், பிற்படுத்தப்பட்டோர் உள்ளிட்ட சிறப்புப் பிரிவுக்கு 35 சதவீதம். சொந்தப் பங்கு முறையே 10, 5 சதவீதம். ஆனால் அந்த மானியம் உங்கள் கைக்கு வராது. வங்கியில் மூன்று வருடம் வைப்பாக இருந்து, அப்புறம்தான் கடனில் கழியும். அதை நம்பிப் பருப்பு வாங்க முடியாது. முதல் வருட வரவில் மானியத்தை எழுதியிருந்தால் அடித்துவிடுங்கள். நிலத்தின் விலையையும் இந்தத் திட்டத்தின் செலவில் காட்ட முடியாது.

மெஷினுக்குக் கொட்டேஷன், சிறுதொழில்களுக்கான உத்யம் பதிவு, உணவுப் பாதுகாப்புப் பதிவு அல்லது உரிமம் எல்லாம் சுலபமாக முடிகிற வேலை. உத்யம் பதிவு இலவசம், அதற்குப் பணம் கேட்பவரிடம் போகாதீர்கள். மின் இணைப்பு தொழில் கட்டணத்திலா கடைக் கட்டணத்திலா என்பதை மட்டும் இடம் பிடிக்கும்போதே கேட்டுவிடுங்கள்.

இன்னொன்று, பருப்பு விலை வருடம் முழுக்க ஒன்றாக இருக்காது. அறுவடை நேரத்தில் இறங்கும், மற்ற மாதங்களில் ஏறும். கிலோவுக்கு 10 ரூபாய் ஏறினால் லிட்டருக்கு 23 ரூபாய் ஏறுகிறது, 80 ரூபாய் மிச்சம் 57 ஆகிவிடும். அப்போது தலை நிற்க 930 லிட்டர் விற்க வேண்டும்! சீசனில் வாங்கி வைக்கலாம் என்றால், உடைத்த பருப்பைவிடக் காயாக வைத்தால்தான் நன்றாகத் தாங்கும். நன்கு காய்ந்திருக்க வேண்டும், ஈரம் இருந்தால் பூஞ்சை பிடிக்கும். இடமும் வேண்டும், முன்பணமும் வேண்டும். இதற்கும் கட்டத்தில் ஒரு வரி ஒதுக்குங்கள்.

இதே கணக்கைக் கொப்பரைக்கு அடுத்த வீடியோவில் போட்டுப் பார்ப்போம். அதில் எண்ணெய் 60 சதவீதத்துக்கு மேல் இறங்கும், ஆனால் விலை ஆடுகிற ஆட்டம் வேறு மாதிரி. நோட்டை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.